படத்தில் சிவந்த மூலை

யதுர்ஷிகா என்ற அந்தப் பிள்ளை ஒரு விவசாயத் திட்டத்திலிருந்து வந்திருந்தாள். வரம்பில் நின்றபடி கையிலிருந்த டப் கணினியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன காலபோகத்தில், மாரி நெல் நிற்கும்போது, வானத்திலிருந்து செய்மதி எடுத்த படமாம். என் இரண்டு ஏக்கர் வயலும் பச்சை. கிழக்கு மூலை மட்டும் சிவப்பு.

"இந்த மூலையில விளைச்சல் இல்லை அம்மா. மண்ணில என்ன குறையெண்டு பாக்கவேணும். கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாறன்."

மண்ணில் ஒரு குறையுமில்லை. நாலு வருடத்துக்கு முன் உழும்போது, சண்டைக் காலத்தில் விழுந்து வெடிக்காத செல் ஒன்று அங்கே தலைகாட்டியது. அறிவித்தால் வயலை மறித்துவிடுவார்கள், ஒரு போகமாவது போய்விடும். மண்ணைப் போட்டு மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டேன். வெளியில் சொல்லாதே என்று உழவு மெசின்காரனையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவன் அந்த மூலையை விட்டுவிட்டு உழுதான், பிறகு வெளிநாடு போய்விட்டான்.

"அங்க போகவேண்டாம் பிள்ளை. பாம்பு கிடக்கு."

"பூட்ஸ் போட்டிருக்கிறன் அம்மா."

சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். கையில் மண் துளைக்கிற நீளக் கம்பி. புல் அவள் முழங்கால்வரை வந்தது. அப்போதும் என் வெட்கங்கெட்ட மனம், சொன்னால் வயல் போய்விடுமே என்றுதான் அடித்துக்கொண்டது. அவள் குனிந்து கம்பியை ஊன்றப் போனாள்.

"பிள்ளை, குத்தாதேங்கோ. அதுக்குள்ள செல் கிடக்கு."

அவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"வந்த அடியிலயே காலை வைச்சுத் திரும்பி வாங்கோ," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொன்னேன். அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

வரம்பில் ஏறியதும் குந்திவிட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. டப்பைத் தட்டிப் பழைய படங்களை வரிசையாகக் காட்டினாள்.

"நாலு வருசப் படமும் இருக்கு அம்மா. பாருங்கோ, சிவப்பு ஒவ்வொரு வருசமும் சின்னனாகுது. ஆரோ கொஞ்சங்கொஞ்சமா உள்ளுக்க உழுதுகொண்டு போகினம்."

நான் பார்த்தேன். போன வருடச் சிவப்பு ஒரு கட்டில் அளவுகூட இல்லை.

"ஆர் அம்மா உழுறது?"

"என்ர மகன்," என்றேன். "அவனுக்கு நான் சொல்லேல்லை."