திரையில் பூஜ்யம்

பாண்டிமீனாவுக்கு அந்த ரோபோவை நினைத்தாலே பயமாக இருந்தது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்கி அடைப்பெடுக்கிற ரோபோ. ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் அவளும் இன்னும் சிலரும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்பு வேலையில் குறையில்லை. கோளாறு அதன் மூளையில் இருந்தது.

ரோபோவின் கையை ஆட்டும் நிரலை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. அந்த நிரல் பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில் மட்டும்தான் ஓடும். விஷவாயுவை அளக்கிற நிரலோ புதிய பதிப்புக்காக அவளே எழுதியது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் ஓட்டினால் பெரும்பாலும் பிழை என்று கத்திவிட்டு நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை. சில சமயம் நிற்காது. ஒழுங்காக ஓடுவது போலவே ஓடி, தப்பான விடையைத் தரும். அதற்குத்தான் அவள் பயந்தாள். இரண்டு பதிப்பையும் ஒரே கணினியில் ஒன்றோடொன்று முட்டாமல் குடிவைக்க அவளுக்குப் பல வாரம் பிடித்தது.

மாநகராட்சி அதிகாரிகளுக்கு ரோபோவை இயக்கிக் காட்ட வேண்டிய அன்று காலை அவள் வந்த அலங்காநல்லூர் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஆபீசுக்கு ஓடிவந்தபோது ரோபோ வேனில் ஏறியிருந்தது. முதலாளி வெங்கடேஷ்பாபு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“காலைல கை அசையவே மாட்டேன்னுருச்சு மீனா. நெட்டுல தேடி நானே சரி பண்ணிட்டேன். ஒரே ஒரு வரிதான்.”

“என்ன வரி சார்?”

“போற வழில சொல்றேன். ஏறும்மா, நேரமாச்சு.”

போகிற வழியெல்லாம் அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அவளும் மறுபடி கேட்கவில்லை.

புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருமுனையில் குழி இருந்தது. சாக்கடை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி உக்கிரபாண்டி அங்கே காத்திருந்தார். கூடவே பேயாண்டி. பல வருசம் குழிக்குள் இறங்கியவர். இன்று மூடியைத் தூக்க மட்டும் வந்திருந்தார். மூடியைப் புரட்டியதும் கரப்பான்கள் கூட்டமாக மேலேறிச் சிதறின. நாற்றத்தில் வெங்கடேஷ்பாபு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ரோபோ சங்கிலியில் தொங்கியபடி இருட்டுக்குள் இறங்கியது. மேலே வைத்திருந்த கணினித் திரையில் வாயுவின் அளவு தெரிந்தது: பூஜ்யம்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு உள்ளே கிடந்த பழந்துணி ஒன்று கையில் சுற்றிக்கொள்ள, ரோபோ உறுமிவிட்டு நின்றது. மேலே இழுத்தாலும் வரவில்லை.

“ஆபீசருக வர்ற நேரமாச்சு,” என்றார் உக்கிரபாண்டி. “பேயாண்டி, சட்டுனு எறங்கி அந்தத் துணிய உருவிவிட்டு வந்துரு.”

“ஆள எறக்கக் கூடாதுங்க,” என்றார் வெங்கடேஷ்பாபு. குரலில் வலு இல்லை.

“ஒங்க மெசினே ஜீரோன்னு சொல்லுதுல்ல சார்? பெறகென்ன பயம்?”

வெங்கடேஷ்பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாகக் குழியைத் திறந்து வெகுநேரம் ஆறப்போட்டு, தயங்கித் தயங்கிக் காலை வைக்கிறவர் பேயாண்டி. அன்று திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

பாண்டிமீனா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை. ஆபீஸ் மேஜையில் சும்மா கிடந்தபோதுகூட அந்த எண் துடித்துக்கொண்டேதான் இருக்கும். இத்தனை நாற்றமடிக்கிற குழியில் எப்படி இவ்வளவு அமைதி?

“அண்ணே, ஒரு நிமிசம் இருங்க, எறங்காதீங்க!”

“நீ பாரு பாப்பா, நான் இந்தா வாரேன்.”

அவள் விசைப்பலகைக்குத் தாவினாள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று கணினியைக் கேட்டாள். பழையது என்றது. வெங்கடேஷ்பாபுவின் அந்த ஒரு வரி எல்லா நிரலையும் பழைய பதிப்புக்கு மாற்றியிருந்தது. சென்சார் தரும் எண்ணை, அது ஒருபோதும் எட்டாத ஆயிரத்துச் சொச்சத்தால் வகுத்து நூறால் பெருக்குவது அவள் எழுதிய கணக்கு. பழைய பைத்தானோ வகுத்ததும் பின்னத்தை உதறிவிடும். அரை என்றாலும் பூஜ்யம், முக்கால் என்றாலும் பூஜ்யம். உள்ளே எம்புட்டு விஷம் இருந்தாலும் திரை பூஜ்யம் என்றுதான் சொல்லும்.

“இழுங்க! மேல இழுங்க! மெசின் பொய் சொல்லுது!”

பேயாண்டி அப்போது கழுத்தளவு இறங்கியிருந்தார். அவள் அலறலைக் கேட்டு நிமிர்ந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. கண் மேலே செருக, குழிச்சுவரின் படிக்கம்பியைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டுப்போனது. கயிறு விறைத்தது. மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு பாண்டிமீனாவின் உள்ளங்கையைக் கிழித்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் பேயாண்டிக்கு நினைவு திரும்பியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பேச்சு குழறியது. அவளை யாரென்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

அவள் நிரலைத் திருத்தினாள். எந்தப் பதிப்பு என்பதை ஒவ்வொரு நிரலின் தலையிலும் எழுதி, வேறு எதில் ஓட்டினாலும் ரோபோ கிளம்பவே கிளம்பாதபடி செய்தாள். எண்ணை நம்பி இனி யாரும் இறங்காதபடி வாயு அளவைத் திரையிலிருந்தே எடுத்துவிடலாம் என்று வெங்கடேஷ்பாபுவிடம் மன்றாடினாள்.

“அதப் பாத்துத்தான் மீனா வாங்குறாங்க,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியில் எண்ணுக்கு மேலே சிவப்பில் ஒரு வரி போட ஒப்புக்கொண்டார்: அளவு எதுவானாலும் ஆள் இறங்கக் கூடாது.

ரோபோ திருமங்கலத்துக்கு விற்றுப்போனது. சில வாரங்களில் கேபிள் மாற்றுவதற்காகத் திரும்பி வந்தது. திரையின் மேல்பாதியில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பு வரி இருக்கிற இடம். கீழே எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“யாருண்ணே இத ஒட்டுனது?” என்று வேன் டிரைவரிடம் கேட்டாள்.

“தெரியல மேடம். செவப்பு வெளிச்சம் கண்ணக் கூசுதுன்னாங்க.”

“ஆளு யாரும் எறங்குனாங்களா?”

அவர் வேனின் பின்கதவைப் பூட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

“அண்ணே, ஒங்களத்தான் கேக்குறேன்.”

“எனக்கு வண்டி ஓட்டுற வேலை மட்டுந்தான் மேடம்,” என்று சொல்லிவிட்டு, அவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.