நுரை ஊறும் நேரம்

...ஐந்து நிமிடம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார், தலையில் ஷாம்பு நுரை போட்டு அப்படியே ஊறவிட வேண்டும், உடனே அலசிவிடக் கூடாது, ஆனால் குளியலறைக்குள் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு யார் சொல்வது, வாளியிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியை மூடிவிட்டது, சின்ன ஜன்னல் வழியே ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் பால் மாதிரி கசிகிறது, முக்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள் இவருடைய மகள், எட்டு வயசு, என் மகள் என்று சொல்லலாமா... கடையில் யாராவது கேட்டால் சொல்கிறேன், வீட்டுக்குள் வாய் வருவதில்லை. அவளும்தான் என்னை இன்னும் எதுவும் கூப்பிடவில்லை. சித்தின்னு கூப்பிடு என்று சொல்லிவிட்டு இவர் சரக்கு ரயிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது, இவள் வந்து நின்று, பென்சில் சீவ வேண்டும் என்று சுவரிடம் சொல்வாள். தலையை மட்டும் தொட விட்டதே இல்லை. அவள் அம்மா பின்னிய தலை. அம்மா போன பிறகு தானே வாரி, தானே பின்னி, ஒரு ஜடை காதுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குக் கீழே, நான் பார்த்தும் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நிரப்புவேன், கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் வாசல் கதவு சாத்திக்கொள்ளும். அதனால்தானே தெரியாமல் போனது? சட்டைப் பொத்தான் அளவில் தொடங்கியிருக்கும் அந்தப் படர்தாமரை, ஜடைக்கு அடியிலேயே படர்ந்து, முடி ஒடிந்து, செதில் செதிலாய்... யாருடைய சீப்போ, மடியில் வைத்துக் கொஞ்சிய எந்தப் பூனைக்குட்டியோ. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது என் முகம் செத்துவிட்டது, பெறாத பிள்ளைதானே என்று விட்டுவிட்டாள் என நினைத்திருப்பார்களோ? நினைத்திருப்பார்கள். நானே நினைத்தேன்.

முதலில் மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேன், அவளே தடவிக்கொண்டாள், ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. படர்தாமரை கையிலோ காலிலோ வந்தால் களிம்பு போதுமாம், தலையில் வந்தால் பூஞ்சை முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், மேலே தடவுவது அங்கே எட்டாது, மருந்தை விழுங்கித்தான் ஆக வேண்டும், வாரம் இரண்டு தடவை போடும் ஷாம்பு மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்கத்தான். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "ஆறு வாரம், எட்டு வாரம், சில பிள்ளைங்களுக்கு இன்னும் கூட ஆகும். நல்லாயிடுச்சேன்னு பாதியில நிறுத்திடாதீங்க. முடி மெதுவாத்தான் வரும்." மெதுவா என்றால்? அன்றைக்கு அந்த வார்த்தை என்மேல் கல்லாக விழுந்தது. ஷாம்புவைப் பெரியவர்கள்தான் போட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னதும் இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நாளை ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டவள் மாதிரி.

முதல் தடவை கழுத்தை இரும்பாக விறைத்துக்கொண்டாள். விரல் பட்டதும் தோள் தூக்கிப்போட்டது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், விரல் நுனியில்தான் என் பிழைப்பு, மயிரிழைக் கீறலையும் தொட்டே சொல்லிவிடுவேன், அந்த விரல் அன்று நுரையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தது... பிறகு எப்போது தளர்ந்தது அந்தக் கழுத்து? சாப்பாட்டுக்குப் பின் மருந்தைப் பாலோடு விழுங்க வைத்த நாட்களிலா, தலையணை உறையை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தபோதா, தெரியவில்லை, ஒருநாள் அவள் தலை மெல்லப் பின்னால் சரிந்து என் முழங்காலில் கனத்தது, தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால் இல்லை, கணக்கு டீச்சர் தும்மினால் கரும்பலகையே ஆடுகிறது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குச் சிரிப்பு தாங்காமல் நுரை என் மூக்கில் ஏறியது.

இப்போதும் சாய்ந்துதான் இருக்கிறாள். விரல் தன்பாட்டுக்கு அந்த இடத்துக்குப் போகிறது, மொழுமொழுவென்று இருக்கும் இடம்... இது என்ன? நுரைக்கு அடியில் ஏதோ நெருடுகிறதே, பூப்போல, இருக்கிறதா இல்லையா என்று... இருக்கிறது. முளைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே, இதற்காகத்தானே காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்? ஆனால் முடி வந்துவிட்டால் இந்த முக்காலி? இந்தக் கனம்? இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கக் கூடாதா... சீ, என்ன மனசு இது, பிள்ளையின் தலை ஆறுவதைப் பிந்தச் சொல்கிற மனசு. பேசாமல் இருந்துவிடலாமா, இன்னும் ஒரு வாரம்?

"முடி வர ஆரம்பிச்சிடுச்சு," என்கிறேன் கடைசியில்.

"தெரியும்," என்கிறாள் கண்ணைத் திறக்காமல். "போன வாரமே தொட்டுப் பாத்தேன்."

போன வாரமேவா? அப்படியென்றால் புதன்கிழமை, நான் மறந்துபோய்த் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணி ஆறிடும் என்று உள்ளேயிருந்து கத்தினாளே, அப்போதே... தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? கேட்க வாயெடுக்கிறேன். அதற்குள் அவள் தலையை மறுபக்கம் திருப்பி, இன்னொரு காதின் பின்புறத்தை என் விரலுக்கு நேராகக் காட்டுகிறாள், அங்கே எப்போதும் ஒன்றும் வந்ததே இல்லை.