குண்டனின் சொந்தபந்தங்கள்

ரொசாரியோ நகரில் அந்த ஆய்வகத்துக்காரர்கள் பட்டப்பெயர் வைக்காமல் யாரையும் விடமாட்டார்கள். புரதமும் தப்பவில்லை. சாகஸ் நோயைத் தரும் ஒட்டுண்ணிக்குள் எந்தப் புரதம் எதனோடு சேர்கிறது என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் யமிலா ஒரு வரைபடம் போட்டிருந்தாள். நட்டநடுவே எல்லோரோடும் உறவு கொண்டாடிய, பெரிய வட்டமாகப் போட்ட புரதத்துக்குப் பெயர் 'குண்டன்'. அவனை அடக்கினால் ஒட்டுண்ணி ஒழியும் என்பது அவள் நம்பிக்கை. குண்டனுக்குக் கேக் கூட வெட்டினார்கள். இத்தனை செல்லம் கொடுத்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு புரதத்தைத் தூண்டிலாக மாட்டிய நுண்மணிகளை ஒட்டுண்ணிச் சாற்றில் போட்டு, கூட ஒட்டி வருவதை எல்லாம் அதன் உறவு என்று குறிப்பது அவள் வழக்கம். வியாழக்கிழமை, எதற்கும் இருக்கட்டுமே என்று, தூண்டில் புரதம் மாட்டாத வெறும் மணிகளை ஒட்டுண்ணிச் சாற்றில் போட்டு எடுத்தாள். அதிலும் குண்டன் ஒட்டிக்கொண்டு வந்தான். உறவாவது ஒன்றாவது! எதைக் கண்டாலும் ஒட்டுகிற பசை அவன்.

இந்த ஆண்டு எந்தப் புரதத்துக்கு மருந்து செய்வது என்று வேதியியலாளர் உலிசெஸ் மறுநாள் முடிவு சொல்கிறார். ஒரே ஒரு புரதம்தான். குண்டன் போனால் வாய்ப்பு வேறு குழுவுக்கு.

"சொல்லாம விட்டுட்டா என்ன?" என்றான் பக்கத்து மேசை எசேகியேல்.

"வாய மூடுடா. மொதல்ல இவனத் தூக்கிட்டுப் பாப்போம்."

வரைபடத்திலிருந்து குண்டனை அழித்ததும் கோடுகள் கொத்தாகப் போயின. அதுவரை அவற்றின் அடியில் மறைந்திருந்த ஒல்லிப் புரதம் ஒன்று தெரிந்தது. அதற்கு இரண்டே உறவு: ஒன்று சக்தி தயாரிக்கும் கூட்டத்தோடு, மற்றது இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தோடு. அதை எடுத்தால் இரண்டும் துண்டாகிவிடும். மனித உடலில் அதற்கு ஜாடையாகக்கூட ஒன்றில்லை; மருந்து நோயாளியைத் தொடாது. வெறும் மணியிலும் அது ஒட்டவில்லை. யமிலா எசேகியேலைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ஒரே குடுவையில் கைமாறிச் சுற்றிவந்த மாத்தே என்ற மூலிகைத் தேநீர் அவள் கைக்கு வந்தபோது, அதைக் குடிக்காமலே பேச்சைத் தொடங்கினாள்.

"குண்டன் ஏமாத்துக்காரன். ரெண்டு வருஷமா நானும் ஏமாந்தேன், உங்களையும் ஏமாத்தினேன்."

"ஐயோ, என் குண்டா!" என்று யாரோ ஒப்பாரி வைத்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒல்லியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். உலிசெஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றார் அவர்.

"முடிச்சிட்டேன்."

"அப்ப மாத்தேய குடிச்சிட்டுக் குடு, அது என்ன மைக்கா? எனக்குத் தொண்ட காயுது. திங்கக்கெழமையிலேருந்து உன் ஒல்லியோட மல்லுக்கட்டணும்ல?"