பின்பக்கமாக இறங்குகிறவன்

பங்குச்சாமியார் தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் நசாரியோவின் பெயர் இருந்தது. கோயில் உள்ளறையில் நின்ற அத்தனை பேரும் எவரிஸ்தோவின் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது? அது எப்போதும்போல மூடிய கதவு மாதிரி இருந்தது.

நம் மலையூரான ரொக்காவெந்தாவில் புனித எமீதியோவின் சப்பரம் மேல்வாசலிலிருந்து கீழ்ச் சதுக்கத்துக்கு நாற்பத்தொரு படி இறங்க வேண்டும். புனிதருக்கு முதுகு காட்டக் கூடாது. ஆகவே முன்னால் தூக்குகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்குவார்கள். படி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அதே தண்டின் பின்முனையில் மேலே நிற்கிறவன் பார்த்துக் குரல் கொடுப்பான். வலதுதண்டில் முன்னால் தூக்கும் எவரிஸ்தோவுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் குரல் கொடுத்தவன் அவன் மச்சான் பெத்தீனோ. அவன் போன வாரம் திராட்சை வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் இடத்துக்குத்தான் இந்தச் சீட்டு. வந்த பெயரோடு தூக்க மாட்டேன் என்று சொன்னால், சொன்னவன் குடும்பம் பிறகு ஒருநாளும் தண்டைத் தொட முடியாது. சுரூபத்தைக் கீழே போட்டாலும் அதே கதிதான்.

நசாரியோதான் தன் நாயைக் கொன்றவன் என்பது எவரிஸ்தோவின் எண்ணம். பிரீனா சும்மா நாயல்ல. ஓக் மரத்தடியில் இரண்டு சாண் ஆழத்தில் கிடக்கிற, தங்க விலைக்குப் போகும் ட்ரஃபிள் காளானை மோப்பம் பிடித்துக் காட்டிவிடும். நம் மலையில் அப்படி ஒரு நாய் வைத்திருக்கிறவனுக்குச் சிரித்துப் பேசும் எதிரிகள் நாலு பேராவது இருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலையில், காட்டில் கிடந்த விஷம் வைத்த தொத்திறைச்சியைத் தின்று, நுரை தள்ளி, அவன் மடியிலேயே செத்தது. அன்றைக்குக் காட்டில் அவன் பார்த்த ஒரே ஆள் நசாரியோ. சாட்சி கிடையாது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"என்னப்பா, உயில் எழுதிட்டியா?" என்றான் இடதுதண்டில் முன்னால் நிற்கும் செத்திமியோ.

"உனக்கு வேணும்னா என் பழைய கால்சட்டைய எழுதி வைக்கிறேன்."

"அதை நசாரியோவுக்கே குடுத்துடு. உன்னைத் தள்ளிவிடப் போறவன் அவன்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். எவரிஸ்தோ சிரிக்கவில்லை. அவனிடம் வேறு வழி இருந்தது. பெத்தீனோவின் குரலைக்கூட அவன் ஒருநாளும் நம்பியதில்லை. படிகளைத் தானே எண்ணி இறங்குவான். எது உயரம், எது சாய்வு, எதில் பள்ளம் என்று நாற்பத்தொன்றும் அவன் காலுக்குப் பாடம். இது யாருக்கும் தெரியாது.

மாலை நாலு மணிக்குச் சப்பரம் மேல்வாசலைத் தாண்டியது. முந்தின நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கியது. பாண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். எட்டுப் பேர் தோளில் புனிதர் அசைந்து அசைந்து வந்தார்.

"வலது. இறக்கு. இடது. இறக்கு." நசாரியோவின் குரலில் தடுமாற்றம் இல்லை. எவரிஸ்தோவின் கால் அந்தக் குரலுக்கு ஒரு மூச்சு முந்தியே இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று. இருபத்து நாலு. இருபத்தைந்து.

"நில்லு! கல்லு ஆடுது, வைக்காதே!"

இருபத்தாறாவது படி அகலமான படி, நல்ல படி. அது எப்படி ஆடும்? பயல் வேலையைக் காட்டுகிறான் என்று நினைத்தான் எவரிஸ்தோ. வலது காலை வைத்தான்.

கல் புரண்டது. பாண்டுக்காரர்கள் மிதித்ததில் மழையில் ஊறிய சுண்ணாம்பு விட்டுப்போயிருந்தது. கால் பள்ளத்துக்குள் போக, இடது முழங்கால் மடங்க, தண்டு வழுக்கிக் கழுத்தெலும்பில் வந்து உட்கார்ந்தது. புனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சன்னல்களில் பெண்கள் அலறினார்கள். மேலே நசாரியோ மல்லாந்து விழுகிறவன் மாதிரித் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தான். சப்பரம் நின்றது, அவ்வளவுதான்.

"வலது கால எடு," என்றான் நசாரியோ மூச்சிரைக்க. "வெளிப்பக்கமா ஒரு சாண் தள்ளி வை. அங்க கல்லு கெட்டியா இருக்கு."

வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. வீட்டுயரப் பள்ளம். எவரிஸ்தோ அசையவில்லை.

"எடுய்யா!"

"உன் பேச்சைக் கேட்டா?"

"வேற யார் கண்ணு இருக்கு இங்க?"

"டேய், என் தோள் பிய்யுதுடா!" என்று கத்தினான் செத்திமியோ.

எவரிஸ்தோ புனிதரின் அங்கிக்குப் பக்கவாட்டில் மேலே பார்த்தான். நசாரியோவின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது.

"பிரீனாவக் கொன்னது நீதானே?"

"இப்பவா கேக்குற?"

"இப்பதான். சொல்லாம இந்தக் கால் நகராது."

"எவரிஸ்தோ, புனிதர் சாயுறார்!" என்று பதறினார் சாமியார்.

"நீங்க ஜெபத்தச் சொல்லுங்க, சாமி. இது எங்க வழக்கு."

பாண்டு நின்றுவிட்டது. ஊர் முழுக்க அந்தப் படிக்கட்டில் காது வைத்திருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நசாரியோவை யாரும் எதுவும் கேட்க முடியாது.

"நான்தான்," என்றான் நசாரியோ. "உன் கூடை நெறஞ்சு வரும், என் கூடை காலியா வரும். வயித்தெரிச்சல். நானே என் கையால வச்சேன். போதுமா? இப்ப கால எடுடா, கழுதை!"

எவரிஸ்தோவுக்குக் காது அடைத்தது. கோபத்துக்கு நேரமில்லை. அவன் புத்தி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது: என்னை விழவைக்க நினைக்கிறவன் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பான். ஊர் முன்னால் தன் மானத்தையே கொட்டினவன் ஒரு கல்லுக்காகப் பொய் சொல்ல மாட்டான்.

காலை உருவினான். வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தான்.

கல் இருந்தது. தாங்கியது.

மெல்ல மெல்ல முழங்கால் நிமிர்ந்தது. புனிதர் நேரானார். யாரோ கைதட்டத் தொடங்க, சாமியார் சும்மா இரு என்று அதட்டினார். இன்னும் பதினைந்து படி இருந்தது. எவரிஸ்தோ எண்ணப் பார்த்தான். தலைக்குள் ஒரு எண்ணும் நிற்கவில்லை.

"அடுத்தது?" என்று கேட்டான்.

"இடது," என்றான் நசாரியோ. "ஆழம் கொஞ்சம் ஜாஸ்தி. பதறாதே."

இறங்கினான். அடுத்ததையும் கேட்டான், அதற்கடுத்ததையும். கீழே சதுக்கத்தில் மரத்தாங்கிகள்மேல் சப்பரத்தை இறக்கியபோது நசாரியோவின் உள்ளங்கைத் தோல் உரிந்து தண்டில் ஒட்டியிருந்தது. எவரிஸ்தோ அவன் முன்னால் போய் நின்றான். கூட்டம் விலகி இடம் விட்டது.

"நாயை நான் மறக்க மாட்டேன்."

"மறக்கச் சொல்லலையே."

"நாளைக்குக் காலைல உன் வீட்டுக்கு வருவேன்."

"வா," என்றான் நசாரியோ, கையைச் சட்டையில் துடைத்தபடி. "அடிக்கிறதா இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. பொண்டாட்டிய அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

என்ன செய்யப் போகிறான் என்று எவரிஸ்தோவுக்கே தெரியவில்லை.