பாப்பா வந்த பிறகு

கம்ப்யூட்டர் ஆமையாகிப் போனது பாப்பா வந்த பிறகுதான். இதில் மட்டும் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

பாப்பா என்றால் தொட்டிலில் கிடக்கிற பாப்பா இல்லை. கணவனின் தங்கை, முப்பதைத் தாண்டியவள். அண்ணன் வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகிவிட்டதால் எல்லோருக்கும் பாப்பா. வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று, அடுத்த வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று, அண்ணன்தான் அழைத்து வந்தான். வீடோ இரண்டே அறை. ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் மேசை படுக்கையறைக்குப் போனது. அந்த இடத்தில் பாப்பாவின் மடக்குக் கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணிக்காரியின் பிழைப்பே அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அலமாரிப் பட்டறை ஒன்றுக்கு, இனிமேல் கட்டப்போகும் சமையலறைகளை வரைந்து, கதவின் நிறமும் விளக்கின் வெளிச்சமும் நிஜம்போலத் தெரியும்படி படமாக்கிக் கொடுப்பாள். வரைவது இவள் வேலை, படமாக்குவது கம்ப்யூட்டரின் வேலை. பட்டனைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனால் சமையல் முடிவதற்குள் படம் வந்திருக்கும். இப்போது சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு வந்து பார்த்தாலும் பாதிப் படம்கூட வந்திருக்காது.

பட்டறை முதலாளிக்குப் பொறுமை என்பது கடையில் கிடைக்கிற சாமானா என்றுகூடத் தெரியாது. "வந்தவங்களுக்கு எதைக் காட்டுறது, என் மூஞ்சியையா?" என்று போனில் கத்தினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா, தப்பா நெனச்சுக்காதே."

தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். அணைத்துப் போட்டாள். ஆரம்பிக்கும்போதே கூடவே எழுந்து வருகிற வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினாள். பழைய படங்களை அழித்து இடம் காலி செய்தாள். வைரஸ் தேடினாள், வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை, சில சமயம் கம்ப்யூட்டர் தானாகவே பழையபடி பறந்தது, அப்புறம் மறுபடி படுத்துக்கொண்டது. பழுது என்றால் எப்போதும் பழுதாக இருக்க வேண்டாமா? நேரம் பார்த்து மக்கர் செய்கிற பழுதை அவள் கேள்விப்பட்டதில்லை.

வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப ஒரே ஒரு தடவை பாப்பாவுக்கு பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு தடவை இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து நாத்தனாரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பாப்பா நடந்தாலும் சந்தேகம், நடக்காமல் உட்கார்ந்திருந்தால் அதைவிடச் சந்தேகம்.

கடைசியில் ரிப்பேர்காரரை வரவழைத்தாள். அவர் பெட்டியைத் திறந்து தூசியை ஊதி, அந்தத் தூசியைப் பார்த்தே அவளைத் திட்டி, டிஸ்க் நல்லா இருக்கு, மெமரி போதும் என்று ஒவ்வொன்றாகச் சான்றிதழ் கொடுத்தார். பிறகு எதையோ திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பவர் சேவர்ல போட்டு வெச்சிருக்கீங்க. காலைக் கட்டிப் போட்டுட்டு ஓடு ஓடுன்னா எங்கேர்ந்து ஓடும்? கரண்டை மிச்சம் பிடிக்கறதுக்குன்னு கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும், அதான் இது." ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தட்டினார். பெட்டிக்குள் ஃபேன் குபீரென்று இரைந்தது, படம் மளமளவென்று நிரம்பியது.

"இது தானா மாறுமா?"

"உங்க கம்ப்யூட்டர்ல தானா மாற வழியில்லை. யாராவது கை வெச்சாத்தான் உண்டு."

யாராவது! வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவள் மாற்றவில்லை. கணவன் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை பார்ப்பவன். காலையில் வந்து கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான் என்பது அவள் நம்பிக்கை. கழித்துப் பார்த்தால் மிச்சம் பாப்பாதான்.

புதன்கிழமை மறுபடி பவர் சேவர். மாற்றி வைத்தாள். வியாழக்கிழமை படத்தை ஓடவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே போனாள். தெருமுனைவரைகூடப் போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரித் திரும்பி வந்தாள்.

படுக்கையறையில் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருக்க, பாப்பா குனிந்து நின்றாள். மவுஸ்மேல் அவள் கை. திரையில் பவர் மோட் ஜன்னல். கையும் களவுமாக என்பார்களே, அதுதான்.

"என் சோத்துல மண்ணைப் போடத்தான் வந்தியா நீ?"

பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, அது வந்து..." என்றாள். ஒரு கணம் கட்டிலைப் பார்த்தாள். அப்புறம், "தெரியாம தொட்டுட்டேன் அண்ணி" என்றாள்.

"தெரியாமயா? தினமும் தெரியாமயா?" அவள் குரல் உயர்ந்தது. இடம் கொடுத்தது, சோறு போட்டது, கம்ப்யூட்டரையே நகர்த்தியது என்று எல்லாவற்றையும் சொல்லிக்காட்டினாள். சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னாள். "உன் ராசிக்குத்தான் கம்பெனியை மூடிட்டாங்க போல." கணவன் எழுந்து உட்கார்ந்தான். தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். முகம் கழுவப் போய்விட்டான்.

மாலைக்குள் பாப்பா பையைக் கட்டிக்கொண்டு, பழைய தோழி இருக்கும் பெண்கள் விடுதிக்குக் கிளம்பினாள். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் நிம்மதியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேலை முடித்து வந்த கணவன் பேச்சில்லாமல் படுத்துக்கொண்டான். படத்தை ஓடவிட்டாள், ஃபேன் இரைந்தது, அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் பாதி நறுக்கும்போது இரைச்சல் அடங்கியது. அடேங்கப்பா, அதற்குள் முடிந்துவிட்டதா என்று ஈரக்கையோடு ஓடினாள்.

படம் கால்வாசியில் ஊர்ந்துகொண்டிருந்தது. பவர் சேவர்.

அவள் திரையையே பார்த்தாள். பாப்பா இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. மெதுவாகத் திரும்பினாள். கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது, கொஞ்சம் அதிக ஒழுங்காக. அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறவனின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க."

எழுந்து உட்கார்ந்தான். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத முகம், கண்ணிரண்டும் கோவைப்பழம்.

"நீங்களா?"

"நீ படத்தை ஓடவிட்டுட்டுப் போயிடறே. அது காதுகிட்ட மாவு மில் மாதிரி கத்துது. தூக்கம் இல்லாம கிடங்குல ரெண்டு தடவை சரக்கு வண்டியைச் சுவத்துல இடிச்சுட்டேன். அங்க ஒரு பையன்தான் சொன்னான், இதை மாத்தி வெச்சா சத்தம் வராதுன்னு."

"என்கிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானே? ஹாலுக்கே மாத்தியிருப்பேனே!"

"மாத்திட்டா பாப்பா எங்க படுப்பா?" என்றான் அவன். "அதான் சொல்லலை."

தங்கைக்கு இடம் போய்விடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தானாம். நேற்று பாப்பா பையைக் கட்டும்போதும் மூடிய வாய் மூடியபடிதான் இருந்தது. அவளுக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நேற்று அத்தனை வார்த்தைகளையும் வேறொருத்தியிடம் செலவழித்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மேசையை இரண்டு பேருமாக ஹாலுக்கு இழுத்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. ஹை பெர்ஃபார்மன்ஸில் போட்டாள், படம் மதியத்துக்குள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி பிரமாதம் என்றார். அது காதில் ஏறவே இல்லை. போனை எடுத்து பாப்பாவைக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன்தான் மாத்தியிருக்கார், பாப்பா."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"ஒரு நாள் பாத்தேன். அண்ணன் தூங்கினதும் போய் நான்தான் உங்களுக்காகத் திரும்ப வேகமா வெச்சுட்டு வருவேன். சில நாள் அண்ணனுக்கு மறுபடி முழிப்பு வந்துடும், திரும்ப மாத்திடும்."

தானாகப் பறந்த அந்த நாட்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல? நான் அவ்வளவு பேசினேனே!"

மறுமுனையில் யாரோ வாளி நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்கூட சண்டைன்னா நான் கிளம்பிடலாம் அண்ணி," என்றாள். "அண்ணன்கூட சண்டைன்னா அண்ணன் எங்க போகும்?"