இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி

அந்த நம்பர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் மூன்று பி.டி. பீரியட். பள்ளி திறந்த முதல் மாதம் மூன்றும் மைதானத்தில்தான் நடந்தன. அப்புறம் கணக்கு சார் வந்தார். பாடம் முடியவில்லை, இந்த ஒரு பீரியடை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். பி.டி. மிஸ் கொடுத்தாள். அடுத்த வாரம் இரண்டாவதும் போனது. மூன்றாவதைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஓடவும் வேண்டாமா சார் என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் வாயைத் திறந்தாள்.

“ஓடினா மார்க்கும் கூடவே ஓடி வருமா மிஸ்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள் வேறு என்ன செய்வாள்?

அரையாண்டு வந்தது. உடல்நலக் கார்டு நிரப்ப வேண்டும். உயரம், எடை, அறுநூறு மீட்டர் ஓட எடுத்த நேரம். உயரத்தையும் எடையையும் இடைவேளையில் வராந்தாவில் நிற்க வைத்து அளந்துவிட்டாள். ஓட்டத்துக்கு எங்கே போவது? பந்து வைக்கும் அறையில் உட்கார்ந்து, போன வருஷத்துக் கார்டுகளைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொருவருக்கும் நாலு நொடி குறைத்து எழுதினாள். பிள்ளைகள் வளர்கிறார்கள், நாலு நொடி ஒன்றும் பேராசை இல்லை என்பது அவள் கணக்கு. கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தவனுக்கும் நாலு நொடி குறைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் அழித்தாள். முப்பத்தெட்டு கார்டு, அரை மணி நேரம். மறுநாள் கார்டுகள் வீடுகளுக்குப் போயின.

குருவி என்று வகுப்பே கூப்பிடும் பெண்ணுக்குப் போன வருஷம் இரண்டு ஐம்பத்தாறு. ஆகவே இந்த வருஷம் இரண்டு ஐம்பத்திரண்டு.

அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. பிள்ளைகள் மூன்றாம் மாடி ஆய்வகத்துக்குத் திமுதிமுவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் குருவி மட்டும் சுவரில் கையை ஊன்றி, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றாள். பலகையில் ஒரு காகிதமும் இல்லை.

“என்னடி குருவி, இறக்கை வலிக்குதா?”

சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. தோள் ஏறி இறங்கியது. எத்தனை நாளாக இப்படி என்று மிஸ் கேட்டாள். ரெண்டு மாசமா என்றாள். வீட்டில் சொன்னாயா?

“டாக்டர்கிட்ட போனோம் மிஸ். படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னேன். அம்மா கார்டை எடுத்து நீட்டினாங்க. இந்த வேகத்துல ஓடுற பொண்ணுக்கு ஒண்ணும் இருக்காது, பரீட்சை பயம்தான்னு சொல்லிட்டாரு.”

நீ என்ன சொன்னாய் என்று மிஸ் கேட்டாள்.

“நான் ஓடவே இல்லன்னு சொன்னேன் மிஸ். மிஸ் பொய் எழுதுவாங்களாடின்னு அம்மா கேட்டாங்க.” குருவியின் குரலில் குற்றச்சாட்டே இல்லை. “அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. எப்பவாவது ஓடியிருப்பேனோன்னு.”

மிஸ் முதலில் குறுக்கு வழியைத்தான் தேடினாள். மதியம் குருவியின் அம்மாவுக்கு போன் போட்டு, இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா என்று பட்டும் படாமலும் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு. வேலை சொன்னால் அவளுக்கு மூச்சு வாங்கும், உங்கள் கார்டு இருக்கும்போது எனக்கென்ன கவலை, நீங்கள் ஒருத்தராவது அவளை ஒழுங்காக ஓட விடுகிறீர்களே என்று நன்றி வேறு.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் விடைத்தாள் கட்டை வெறித்துக்கொண்டிருந்தார். மூன்று பீரியட் கூடுதலாக எடுத்தும் எட்டாம் வகுப்பின் மார்க் போன வருஷத்தைவிடக் கீழே. இருபது நிமிஷத்துக்குமேல் ஒருத்தனும் முழித்திருப்பதில்லை, ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தபோது இப்படி இல்லை என்று முணுமுணுத்தார். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். இன்று நடந்ததை மட்டும் சொன்னாள்.

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எழுதினது எழுதினதா இருக்கட்டும். வெளிய சொன்னா உங்க வேலை போயிடும். அந்த நேரத்துல எல்லாரும் எங்க இருந்தாங்கன்னு அடுத்து என்னைக் கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார்” என்றாள்.

பள்ளி விட்டதும் குருவியின் அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு நடந்தாள். உள்ளே நீராவியும் சோப்பு வாடையும். மிஸ்ஸைப் பார்த்ததும் அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, தேய்க்கும் கையை நிறுத்தாமலே ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். மிஸ் உட்காரவில்லை.

“அக்கா, அந்த நம்பர் நான் போட்டது. அவ ஓடல. யாருமே ஓடல.”

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றுவிட்டது. துணி தீயும் வாடை வந்த பிறகுதான் அந்த அம்மா அதைத் தூக்கி வைத்தாள். சட்டையின் முதுகுப் பக்கம் பழுப்பாக ஒரு முக்கோணம்.

“ஓடலன்னு ரெண்டு தடவை சொன்னா மிஸ். ரெண்டாவது தடவை அறைஞ்சுட்டேன்.”

திட்டுவாள் என்று மிஸ் எதிர்பார்த்தாள். அந்த அம்மா ஸ்விட்சை அணைத்தாள். முதலாளியிடம் கருகிய சட்டையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“ஆறு மணி வரைக்கும் டாக்டர் இருப்பாரு. நீங்களும் வாங்க. அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

போகிற வழியில் வீட்டிலிருந்து குருவியைக் கூட்டிக்கொண்டார்கள். டாக்டர் அறை மாடியில். பாதிப் படியில் குருவி நின்றபோது யாரும் அவசரப்படுத்தவில்லை.

டாக்டர் மிஸ் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கார்டை ஒருமுறை பார்த்துவிட்டு மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். குருவியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். ரத்தம் எடுக்க வேண்டும், இதயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். முன்னமே பார்த்திருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த அறையில் மூன்று பெரியவர்களுக்கும் அது தெரியும்.

“கடைசியா எப்ப ஓடினா?”

“ஏழு மாசம் இருக்கும்” என்றாள் மிஸ்.

“எட்டு மிஸ்” என்றாள் குருவி.

அவள் அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எட்டு என்று எழுதிக்கொண்டார்.