தலைவரின் கண்ணீர் நிறுத்தம்

தாராவி வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு மிகுந்த வருத்தத்துடன் அறிவிப்பது: சங்கத் தலைவர் கணேசபாண்டியன் அவர்களின் கண்ணீர் மூன்று மாத காலத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

எழுபது தாண்டிய தலைவருக்குக் கீழிமை உள்பக்கமாக மடிந்துவிட்டது. இமைமுடி கண்ணை உரசி உரசி நீர் ஓயாமல் வடியும். இரங்கல் கூட்டங்களில் அதற்கு நல்ல மரியாதை. கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி மட்டன் கேட்கும்போதும் அவர் அழுதுகொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை, பேராச்சி ஒருத்தியைத் தவிர.

பேராச்சி அவர் தம்பி பேச்சிராஜாவின் மனைவி. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைவர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிணம் வீட்டுக்கு வந்ததும் வந்து நின்றார். கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. "உடம்பொறப்புன்னா இவருல்லா!" என்றது தெரு. ராப்பகலாகப் பீமூத்திரம் அள்ளி, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்த பட்டம், கல்நெஞ்சுக்காரி.

முதலாண்டு நினைவுக் கூட்டம் நெருங்கியது. பேராச்சியே அவரை மாட்டுங்கா கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"இமைத் தசை இறுக்கிப் பிடிச்சு உள்ள இழுக்கறது. போடாக்ஸ் ஊசி போட்டா தளர்ந்து, சில நாள்ல இமை நேராயிடும். ஆனா மூணு மாசம் போலதான் நிக்கும்," என்றார் டாக்டர்.

"போடாக்ஸா? அது சினிமா நடிகைங்க போடுகதுல்லா?" தலைவர் எழுந்தேவிட்டார்.

"நீங்களும் மேடையேறுதவுகதான அத்தான்? உக்காருங்க."

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேராச்சி.

"என் தம்பி..." என்று தலைவர் நிறுத்தினார். வழக்கமாக வழிகிற இடம் அதுதான். துண்டு கண்ணுக்குப் போய் வெறுமனே திரும்பியது. "என் தம்பி..." என்றார் மறுபடியும். பலமாகச் சிமிட்டிப் பார்த்தார். கண் இரண்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளிச்சென்றிருந்தன. பேராச்சி சபையைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதாவது பாருங்கள்.

பின்வரிசையில் பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "பாத்தியாளா, அழுது அழுது மனுசனுக்குக் கண்ணீரே வத்திப்போச்சு!"

மண்டபமே விம்மியது. பேராச்சிக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது.

"ஒரு வருசம் கழிச்சாவது அழுதாளே," என்றாள் சொர்ணம்மாள்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கிவந்து, நனையாத துண்டை அவளிடம் நீட்டினார்.

அடுத்த ஊசிக்கு அவர் தனியாகவே போய்வந்தார்.